நவ்ரஸுக்கு ஒரு மேல்கை

12 அக்டோபர் 2024, சனி
ராணுவ முகாமிலிருந்து

ராவியா,

நலமா என்று கேட்கமாட்டேன். நீ நலமாகத்தான் இருப்பாய். நம் பகடை ஆட்டத்தில் மூன்று வருஷமாக நான் வளர்த்த ஆளை, கம்பெனிக் கோபுரத்தின் பத்தொன்பதாம் மாடியில் பிடரியில் கம்பி செருகி உட்காரவைத்துவிட்டு, "மீதி அப்புறம்" என்று பகடையைப் பைக்குள் போட்டவள் அல்லவா நீ!

இங்கே வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்னும் பதினோரு மாதம் எனக்குக் காகிதம்தான். மஹர்ரம் பே பேட்டைக்காரன் ஷாபான் முகாம் வண்டி ஓட்டுகிறவன், வாரந்தோறும் ஊருக்கு வரும்போது இதைக் கொண்டுவருவான். பதில் எழுதினால் அவனிடமே கொடு. தபாலில் போட்டால் நான் படைவிட்டு வந்த பிறகுதான் கிடைக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த வெள்ளிக்கிழமை நீ செய்தது அநியாயம். இது உன் விதிப்புத்தகத்தில் உன் கையெழுத்திலேயே இருக்கிறது: "பத்து முகப் பகடை ஒன்று உருட்ட வேண்டும். ஆறோ அதற்கு மேலோ வந்தால் காரியம் முடிந்தது. நிலைமை ஆடுபவனுக்குச் சாதகமாக இருந்தால் அவனுக்கு மேல்கை. இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம்." எழுதியது நீதானே?

அன்று ஆறு முறை மேல்கை கேட்டேன். கம்பெனிக் கணினியின் காவல் நிரல்கள் எந்த நேரத்தில் முறை மாறுகின்றன என்று முந்தின ஆட்டத்திலேயே வேவு பார்த்து வைத்திருந்தேன். கிடையாது என்றாய். பொய்யாக ஒரு கதவைத் தட்டிவிட்டு நிஜக் கதவில் நுழைகிறேன் என்றேன். அதற்கும் கிடையாது. சரி, அவசரப்படாமல் சத்தமில்லாமல் ஹேக் செய்கிறேன் என்றால், "மெதுவாப் போனா விழிப்பு ஒண்ணு ஏறும்" என்கிறாய். அப்படி ஏற்றி ஏற்றி இப்போது கோபுரத்தின் விழிப்பு எண் ஐந்தில் நிற்கிறது. ஆறானால் கோபுரம் பூட்டிக்கொள்ளும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நவ்ரஸின் மூளை வெந்துபோகும். அதாவது இன்னும் ஒரே ஒரு உருட்டல். அதில் ஆறுக்குக் கீழே விழுந்தால் என் ஆள் காலி.

கடிதத்திலேயே ஆட்டத்தை முடிப்போம். நவ்ரஸ் என்ன செய்கிறான் என்று நான் எழுதுகிறேன், நீங்கள் மேசையில் உருட்டுங்கள். ஆனால் மேல்கையோடு. நான் பிச்சை கேட்கவில்லை. விதியில் இருப்பதைக் கேட்கிறேன்.

ஹாஸெம்

*

18 அக்டோபர், வெள்ளி
அலெக்ஸாண்ட்ரியா

ஹாஸெம் பாஷா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கதவை அறைந்துவிட்டுப் போனவன் அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருப்பான் என்று தாளின் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். வெறும் தாள்.

நீ மேல்கை கேட்ட கணக்கைத் துல்லியமாக வைத்திருக்கிறாய். நான் வேறு கணக்கு வைத்திருக்கிறேன். அன்று நீ நாற்காலியில் உட்கார்ந்து கம்பி செருகியது மூன்று மணி பத்து நிமிடத்துக்கு. கதவை அறைந்தது ஐந்து மணிக்கு. ஒரு மணி ஐம்பது நிமிடம் நீயும் நானும் மட்டும் பேசியிருக்கிறோம். அந்த நேரத்தில், கூட ஆடவந்த ஷஹிந்தா தெருமுனைக்குப் போய், வரிசையில் நின்று, ஈரல் சாண்ட்விச் வாங்கி, சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நீ அப்போது மூன்றாவது கதவில் இருந்தாய். "என் ஆள் இன்னும் லிஃப்ட்லதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கிர்கிஸ் அவன் அப்பா விற்பனைக்கு வைத்திருக்கும் குளியல் தொட்டியில் கால் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டான். வாரத்தில் ஆறு நாளும் அந்தக் கடையில் தொட்டியும் குழாயும் விற்கிறவன். வெள்ளிக்கிழமை கடையைத் திறந்து நமக்கு மேசை போட்டுக் கொடுத்துவிட்டு, அதே தொட்டியில் படுத்துத் தூங்க வேண்டும் என்று அவனுக்கு என்ன தலையெழுத்து?

நான் மேல்கை தரமாட்டேன் என்று சொன்னதற்குக் காரணம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ சொன்ன ஆறு யோசனையும் நல்ல யோசனைதான், வல்லாஹி, சத்தியமாக. ஆனால் ஆறும் நீயே உட்கார்ந்து நீயே செய்வது. உன் சாதகத்தை நீயே பேசிப் பேசி உருவாக்குவாய், நான் தலையாட்ட வேண்டும், மற்ற இரண்டு பேரும் கொட்டாவி விட வேண்டும்.

கடிதத்தில் முடிப்போம் என்கிறாய். சரி. ஆனால் ஒரு புது விதி. ஹேக் செய்கிறவனுக்கு மேல்கை இனி என்னிடம் கிடைக்காது. வெளியே இருக்கிற ஆட்களில் யாராவது தன் தலையைப் பணயம் வைத்து அவனுக்கு ஏதாவது செய்தால்தான் கிடைக்கும். மின்சாரத்தைத் துண்டிக்கட்டும், காவலாளியைச் சண்டைக்கு இழுக்கட்டும், யார் பையிலிருந்தாவது அடையாள அட்டையை உருவட்டும். கிர்கிஸின் துப்பாக்கிக்காரன் பர்கூத், லிஃப்டில் தோட்டா எண்ணிக்கொண்டு நிற்கிறான். அவனைக் கேள்.

மருந்துக்கடையில் இன்று எனக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. இடையில்தான் இதை எழுதுகிறேன்.

ராவியா

*

26 அக்டோபர், சனி
முகாம்

ராவியா,

நடு ஆட்டத்தில் விதியை மாற்றுகிறாய். இதை நான் செய்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பாய்.

இருந்தாலும் உன் புது விதிக்கு உட்பட்டே ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். இத்துடன் பதினோரு பக்கம் இணைத்திருக்கிறேன். ஒரு கடிதம் போய்வர இரண்டு வாரமாகிறது என்பதால் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவிட்டேன். காவல் நிரல் இடப்பக்கம் திரும்பினால் என்ன செய்வது, வலப்பக்கம் திரும்பினால் என்ன, திரும்பாமலே நின்றால் என்ன, மொத்தம் நாற்பத்துமூன்று நிலைமைகள். எதையும் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. வெளியே இருப்பவர்கள் எந்த நொடியில் எந்தக் கம்பியை வெட்ட வேண்டும் என்பது வரை இருக்கிறது. படித்து, அப்படியே செய்து, பகடையை உருட்டினால் போதும்.

இதை ஐந்து நாள் உட்கார்ந்து எழுதினேன். சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன். பக்கத்துக் கட்டில்காரன், "வீட்டுக்கு இவ்வளவு எழுதறியே, அப்படி என்ன பிரச்சினை?" என்று அனுதாபப்பட்டான். ஒரு கோபுரத்தை உடைக்கிறேன் என்றேன். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை.

இதைவிட நல்ல திட்டம் நம் மேசையில் இதுவரை வந்ததில்லை. கிர்கிஸும் ஷஹிந்தாவும் என்ன சொன்னார்கள் என்று எழுது.

ஹாஸெம்

*

1 நவம்பர், வெள்ளி
அலெக்ஸாண்ட்ரியா

ஹாஸெம்,

என்ன சொன்னார்கள் என்று கேட்டாய். சொல்கிறேன், கேட்டுக்கொள்.

பதினோரு பக்கத்தையும் சத்தமாகப் படித்தேன். படிக்கவே நாற்பது நிமிடம் பிடித்தது. நாலாவது பக்கத்தில் ஷஹிந்தா, "இது திட்டமா, பரீட்சைப் பேப்பரா?" என்றாள். முடித்ததும் கிர்கிஸ் தாள்களை என் கையிலிருந்து வாங்கி, பென்சிலை எடுத்து, ஒவ்வொரு பக்கமாக எதையோ தேடினான். நான் ஏதோ ஓட்டை கண்டுபிடிக்கிறான் என்று நினைத்தேன்.

"ஷஹிந்தா, உன் ஆள் ரெண்டு தடவை வர்றா. ஒரு இடத்துல பேரு, இன்னொரு இடத்துல 'லிஃப்டில் இருப்பவள்'," என்றான்.

"உன் ஆளு?"

"பர்கூத்னு ஒரு தடவைகூட இல்ல. 'கம்பியை வெட்டுபவர்'னு இருக்கு. பதினேழு தடவை."

"அவன் அவசரத்துல எழுதியிருப்பான் கிர்கிஸ்," என்று நான் உனக்காகப் பேசினேன். ஆமாம், உனக்காக!

"அஞ்சு நாள் எழுதினானாம், அவசரமாம்!" என்றான். "மூணு வருஷம் அவன் பக்கத்துல உக்காந்திருக்கேன் ராவியா. எங்கிட்ட ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'டேய், நீ என்ன பண்ணப்போறே?'னு கேட்டிருக்கானா, சொல்லு பாப்போம்."

நானும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. உனக்கு வந்தால் எழுது.

பகடையை யாரும் தொடவில்லை. கிர்கிஸ் கடையைப் பூட்டினான். ஆறு மணிக்கெல்லாம் ட்ராமில் வீட்டுக்குப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை அவ்வளவு சீக்கிரம் வந்தவளைப் பார்த்து என் அம்மாவுக்கே சந்தேகம், உடம்பு சரியில்லையோ என்று.

ராவியா

*

9 நவம்பர், சனி
முகாம்

ராவியா,

ஓ, அப்படியா. சந்தோஷம்.

ஐந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு அவர்கள் இரண்டு பேரையும் உயிரோடு வெளியே கொண்டுவர வழி எழுதினால், பெயர் போடவில்லை என்று குறை. கல்யாணப் பத்திரிகையா அது, பெயர் விட்டுப்போயிற்று என்று சித்தப்பா கோபித்துக்கொள்ள? பர்கூத் என்று எழுதினால் மட்டும் கம்பி தானாக அறுந்துவிடுமா?

கிர்கிஸுக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? நான் எப்போது வேண்டாம் என்றேன்? அவன் தொட்டியில் தூங்கினால் அதற்கும் நான்தான் பொறுப்பா?

எனக்கு இங்கே ஒரே நினைப்பு நவ்ரஸ்தான். உனக்குச் சிரிப்பாக இருக்கலாம். காலை ஐந்து மணிக்கு எழுப்பி, பேரே இல்லாமல் ஒரு எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில், வெளியே எங்கேயோ எனக்கென்று ஒரு ஆள் இன்னும் சாகாமல் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு படுக்கிறேன். அவனைக் கொன்றுவிடாதே. இதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

ஹாஸெம்

*

15 நவம்பர், வெள்ளி
அலெக்ஸாண்ட்ரியா

ஹாஸெம்,

உன் கடிதத்தை இந்த முறை மேசையில் படிக்கவில்லை. படித்திருந்தால் இன்றே எல்லாம் முடிந்திருக்கும்.

நவ்ரஸைக் கொல்லாதே என்கிறாய். மேசையை யார் காப்பாற்றுவது, அதைச் சொல். கிர்கிஸ் இன்று தெளிவாகச் சொல்லிவிட்டான். இருபத்திரண்டாம் தேதி வருவான். அன்று அந்தக் கோபுரத்திலிருந்து எல்லோரும் வெளியே வர வேண்டும், அல்லது உள்ளேயே சாக வேண்டும். அதற்கு மேல் ஒரு வெள்ளிக்கிழமைகூட லிஃப்டில் நிற்கமாட்டான். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பொருட்படுத்தியிருக்கமாட்டேன். குழாய் விலை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். அவன் இல்லாவிட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் நாம் எங்கே உட்காருவது? என் அம்மா மடியிலா?

எனக்கும் கோபம் வரும் பாஷா. இந்தக் கதையை மூன்று வருஷமாக நான் எழுதுகிறேன். பாதி கடலில் மூழ்கிய ஊர், மீதிப் பாதிக்குக் கம்பெனிக்காரன் குடிதண்ணீர் விற்கிறான், யார் வீட்டுக்குத் தண்ணீர் போக வேண்டும் என்ற பதிவேடு அந்தக் கோபுரத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. அதை நீங்கள் மூவரும் எடுத்து வந்து ஊருக்குக் கொடுக்கிற காட்சியை நோட்டில் எட்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன். இருமல் மருந்து கொடுத்துக்கொண்டே யோசித்து எழுதியது. அது நடக்க வேண்டுமென்று எனக்கு ஆசை இருக்காதா? நீ ஆறாவது முறை மேல்கை கேட்டபோது, கொடுத்துத் தொலைத்துவிடலாமா என்றுதான் இருந்தது. கொடுத்திருந்தால் நீ ஏழாவது கேட்டிருப்பாய்.

இருபத்திரண்டுக்குள் ஒரு கடிதம் அனுப்பு. ஒரு பக்கம். வராவிட்டால் நவ்ரஸுக்காக நானே ஒரு பகடை உருட்டுவேன், மேல்கை இல்லாமல்.

ராவியா

*

20 நவம்பர், புதன்
முகாம்

ராவியா,

ஷாபான் இன்று மதியமே கிளம்புகிறான், அதனால் சுருக்கமாக.

போன திங்கட்கிழமை எங்கள் பிரிவுக்கும் பக்கத்துப் பிரிவுக்கும் கால்பந்து. எல்லோரும் போனார்கள். என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குக் காவல் நிற்கச் சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரத்தில் ஆள் மாற்றுகிறேன் என்று சார்ஜென்ட் போனார். மறந்துவிட்டார். ஆறு மணி நேரம். அந்தத் தொட்டியை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்? அந்தப் பக்கமிருந்து கத்தல் மட்டும் கேட்டது. திரும்பி வந்தவர்கள் சாப்பாட்டில் அந்த மூன்றாவது கோலைப் பற்றியே பேசினார்கள். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல். ஒருவன் மட்டும் திரும்பி, "நீ எங்கே இருந்தே?" என்றான். பதில் சொல்வதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டான்.

அப்போது எனக்கு கிர்கிஸ் ஞாபகம் வந்தான். எரிச்சலாக வந்தது. அவன் மேல் அல்ல.

நீ கேட்ட மாதிரி யோசித்துப் பார்த்தேன். நான் அவனைக் கேட்டதாக ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

நவ்ரஸ் செய்வது இது. அவன் கதவை உடைக்கவில்லை, ஒளியவும் இல்லை. கம்பெனி வலை முழுக்கக் கேட்கும்படி தன் பெயரை, நிஜப் பெயரை, எந்த மாடியில் எந்த நாற்காலியில் இருக்கிறான் என்பதைக் கத்திச் சொல்கிறான். காவல் நிரல்கள் அத்தனையும், காவலாளிகள் அத்தனை பேரும் பத்தொன்பதுக்கு ஓடி வருவார்கள். அடித்தளம் காலியாகும். விழிப்பு ஆறாகி வாசல் பூட்டிக்கொள்ளட்டும், அடித்தளத்துச் சாக்கடை வழிக்குப் பூட்டு கிடையாது. மூளை முழுசாக வேக உன் விதிப்படி மூன்று சுற்று ஆகும். அந்த மூன்று சுற்றும் பர்கூத்துக்கும் ஷஹிந்தாவின் லைமூனாவுக்கும் மேல்கை. உன் புது விதி தலையைப் பணயம் வைத்தால் மேல்கை என்கிறது. அது உள்ளே இருப்பவன் வெளியே இருப்பவனுக்குக் கொடுக்கக்கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லையே.

நவ்ரஸுக்காக எதுவும் உருட்ட வேண்டாம்.

பர்கூத் என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதவில்லை. கிர்கிஸையே கேள்.

ஹாஸெம்

*

22 நவம்பர், வெள்ளி
அலெக்ஸாண்ட்ரியா

ஹாஸெம்,

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. கோபமும் அடங்கவில்லை. யார் மேல் என்றால், இந்த முறை கிர்கிஸ் மேல்.

உன் பக்கத்தைப் படித்தேன். படித்து முடித்து, "கிர்கிஸ், பர்கூத் என்ன பண்றான்?" என்றேன். அவன் அந்தத் தாளை வாங்கிக் கடைசி வரியை அவனே ஒரு தடவை படித்தான். ஷஹிந்தா அதற்குள் பகடையை எடுத்துவிட்டாள். மேல்கை இருக்கிறதே! இரண்டு உருட்டினாள், நாலு, ஒன்பது. லைமூனா அடித்தளத்துக்கு இறங்கி, பதிவேட்டை எடுத்து, சாக்கடை வழியாக வெளியே வந்துவிட்டாள். மூன்று வருஷக் கனவு, ஹாஸெம், மூன்றே நிமிடத்தில். நான் நோட்டைத் திறந்து, எழுதி வைத்த முடிவுகளில் மிக நல்லதை எடுத்து வைத்தேன். பர்கூத்தும் கூட இறங்கினால் போதும்.

"மேல போறேன்," என்றான் கிர்கிஸ்.

"எங்கே மேல?"

"பத்தொன்பது."

"அடேய், காவலாளி மொத்தப் பேரும் அங்கதான் போறான்! உனக்காகத்தானே அவன் கத்தினான்! கீழே வழி திறந்து கிடக்கு!"

"தெரியும்."

"தெரிஞ்சு எதுக்குடா?"

"மூணு வருஷம் என்னைக் காக்க வச்சான். இன்னிக்குத்தான் என்ன பண்ணப்போறேனு கேட்டிருக்கான். நான் இதைத்தான் பண்ணப்போறேன்."

மர்யம் தாய் மேல் சத்தியமாகக் கீழே போகமாட்டேன் என்றான். அவன் அப்படிச் சொன்னால் அப்புறம் அவனோடு யாராலும் பேச முடியாது. உனக்கே தெரியும்.

மாடிப்படியில் இரண்டு சண்டை, இரண்டிலும் மேல்கை, இரண்டிலும் ஜெயித்தான். அறைக்குள் நுழைந்தான். உன் பிடரிக் கம்பியைப் பிடுங்கினான். நவ்ரஸைத் தோளில் போட்டான். மூன்றாவது சுற்று. கடைசி உருட்டல், ஆறு வந்தால் இருவரும் ஜன்னல் வழியாகக் கயிற்றில் இறங்கித் தப்பிக்கலாம் என்றேன். தொட்டியின் விளிம்பில் எழுந்து நின்று உருட்டினான்.

மூன்றும் இரண்டும்.

ஷஹிந்தா என்னைப் பார்த்தாள். கிர்கிஸ் பார்க்கவில்லை. பகடையைத் தட்டிவிட்டு, "கீழே விழுந்தது கணக்கில்லை, மறுபடி உருட்டு" என்று சொல்லிவிடலாமா என்று என் கை துறுதுறுத்தது. சொல்லவில்லை. காவலாளிகள் சுட்டார்கள், நவ்ரஸ் செத்தான் ஹாஸெம். அவனைத் தோளிலிருந்து இறக்காமலே பர்கூத்தும் செத்தான். எட்டு முடிவு எழுதி வைத்திருந்தேன், எட்டிலும் இது இல்லை. நோட்டை மூடிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, சிரிக்காதே.

கிர்கிஸ், "சே, ரெண்டாவது பகடையாவது ஒழுங்கா விழக்கூடாதா!" என்று தொட்டியை ஓங்கிக் குத்தினான். கை வீங்கியிருக்கிறது. என்னிடம் களிம்பு வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த வெள்ளி வருவானாம். புது ஆட்டம், புது ஆட்கள். இந்த முறை ஹேக்கராக அவன் ஆட வேண்டுமாம். "ஹாஸெமுக்கு என்ன?" என்றேன். "துப்பாக்கிக்காரன்," என்றான்.

ராவியா

*

7 டிசம்பர், சனி
முகாம்

ராவியா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நவ்ரஸ் செத்த இடத்தில் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். மூன்றும் இரண்டும்! இந்தப் பாழாய்ப்போன பகடைகளைக் கடலில் எறி.

அவன் ஏன் மேலே வந்தான்? நான் அவனை அனுப்பத்தான் செத்தேன். இப்படியா ஒருத்தன் மேல்கையை வீணாக்குவான்? எனக்கு எவ்வளவு கோபம் என்று அவனிடம் சொல். வேண்டாம், நானே சொல்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி எனக்கு முதல் விடுப்பு, நான்கு நாள். வெள்ளிக்கிழமை கடைக்கு வருகிறேன். துப்பாக்கிக்காரனுக்கு ஸந்தூக் என்று பெயர் வைத்திருக்கிறேன். லிஃப்டிலோ வாசலிலோ, எங்கே நிற்கச் சொல்கிறானோ அங்கே நிற்பான். கிர்கிஸ் ஹேக் செய்ய எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஒன்றே ஒன்று. நடுவில் ஒரு தடவையாவது, ஸந்தூக் என்ன பண்ணப்போகிறான் என்று என்னைக் கேட்கச் சொல். கேட்காவிட்டால் சத்தியமாகச் சண்டை போடுவேன்.

ஹாஸெம்